மல்லாட்டையில் நச்சு செய்யும் ஜீன்: அதை எடுத்துவிட்டால் போதாதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். குறிஞ்சிப்பாடி பக்கம் மார்கழிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. பருப்பாக உடைத்து அனுப்பிய முப்பது மூட்டையில் வியாபாரி மாதிரி எடுத்துச் சோதித்து, அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருக்கிறது என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டார். உங்கள் கண்ணுக்கு ஒரு பருப்பில்கூடப் பூசணம் தெரியவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள், "பூஞ்சையில் இருக்கிற ஜீன்தான் அந்த நச்சைச் செய்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்கிறாள். அது எந்த ஜீன், அதை எடுத்துவிட்டால் தொல்லை தீராதா என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: கண்ணுக்கே தெரியாத ஒன்றைக் காட்டிச் சரக்கைத் தள்ளியது நியாயமா, நான் எங்கே தவறவிட்டேன்? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் சிதம்பரத்தில் வேளாண்மை படித்து, தாவர நோயியலில் மேற்படிப்பு முடித்து, இருபத்தெட்டு வருஷம் சோதனைக்கூடத்தில் பூஞ்சைகளோடு கழித்தவன். தட்டில் வளர்ப்பதும், பருப்பிலிருந்து நச்சைப் பிரித்து அளப்பதும் என் கைவேலை. ஜீனை வெட்டி ஒட்டும் வேலை நான் செய்ததில்லை. அந்தப் பகுதியில் சொல்வதெல்லாம் படித்தும், செய்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதலில் ஒரு தட்டைக் காட்டுகிறேன். மல்லாட்டைப் பருப்பில் வரும் இந்தப் பூஞ்சையின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் தூள் தூளாக இருக்கும். இதை வளர்க்க நாங்கள் தேங்காய்ப்பால் ஊடகம் செய்வோம். கடையில் வாங்கிய தேங்காயைத் துருவி, வெந்நீரில் ஊறவைத்து, துணியில் பிழிந்து, உறையவைக்க அகர் கலந்து, ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கரில் வேகவைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்ற வேண்டியதுதான். (அன்றைக்குக் கூடம் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.) ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்துச் செடியிலிருந்து எடுத்த இரண்டு பூஞ்சைகளை இரண்டு தட்டில் வைத்து, 28 டிகிரியில் நாலைந்து நாள் விடுவோம். இரண்டும் ஒரே பச்சை, ஒரே தூள். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தால், ஒன்றைச் சுற்றி நீலமாக ஒரு வளையம் ஒளிரும். மற்றதைச் சுற்றி ஒன்றும் இருக்காது. சந்தேகம் தீர இன்னொரு சோதனையும் உண்டு. தட்டைக் கவிழ்த்து, மூடியில் இரண்டு சொட்டு அம்மோனியா விட்டால், நச்சு செய்யும் பூஞ்சையின் அடிப்புறம் சில நிமிஷத்தில் இளஞ்சிவப்பாக மாறும். செய்யாதது அப்படியே இருக்கும்.

ஆகவே பச்சையாகப் பூசணம் தெரிந்தால் நச்சு உண்டு என்றும் இல்லை, தெரியாவிட்டால் நச்சு இல்லை என்றும் இல்லை. பருப்பின் இரண்டு பாதிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பூஞ்சை நூல்போல ஓடியிருக்கும். மேல்தோல் பளபளப்பாகவே இருக்கும். நச்சுக்கு நிறம், வாசனை, ருசி எதுவும் கிடையாது. சொத்தைப் பருப்பு கசப்பது பெரும்பாலும் எண்ணெய் சிக்குப் பிடித்ததால். கசக்காத பருப்பிலும் அஃப்ளடாக்சின் இருக்கலாம்.

சரி, ஜீனுக்கு வருவோம். உங்கள் மகள் சொன்னதில் ஒரு திருத்தம்: அது ஒரு ஜீன் இல்லை, கிட்டத்தட்ட முப்பது. அவை பூஞ்சையின் மூன்றாவது குரோமோசோமில், ஒரு முனைக்கு அருகே, ஏறக்குறைய 70,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரே பட்டையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஒரு வேலைக்கான ஜீன்கள் இப்படி ஒட்டி ஒட்டி இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பூஞ்சைகளில் நச்சு, சாயம் மாதிரி ஒரு பொருளைச் செய்யும் ஜீன்கள் மட்டும், பங்காளிகள் ஒரே தெருவில் வீடு கட்டிக்கொண்ட மாதிரி, அக்கம்பக்கமாகவே கிடக்கின்றன. இந்த ஒரு பூஞ்சையிலேயே இப்படிப்பட்ட தெருக்கள் ஐம்பதுக்கு மேல். அஃப்ளடாக்சின் தெரு அதில் ஒன்று.

பெரும்பாலும் ஒவ்வொரு ஜீனும் ஒரு நொதிக்குக் கணக்கு. முதல் நொதிகள் கொழுப்பு செய்வதற்கான சின்னத் துண்டுகளை எடுத்துக் கோத்துக் கொடுக்கும். அடுத்தது பாலிகீட்டைடு சிந்தேஸ் என்ற பெரிய நொதி, அதை நீட்டி மடக்கும். அங்கிருந்து வருவது நார்சோலோரினிக் அமிலம், செங்காவி நிறம். அடுத்தடுத்த நொதிகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் செதுக்கி, கடைசியில் அஃப்ளடாக்சின் பி1 ஆக்கிவிடும். இந்தப் பாதையைக் கண்டுபிடித்த விதமே நேர்த்தியானது. நார்சோலோரினிக் அமிலத்துக்கு அடுத்த நொதி கெட்டுப்போன பூஞ்சை ஒன்று கிடைத்தது. அதில் வேலை அங்கேயே நின்று, செங்காவிச் சாயம் தேங்கித் தட்டே நிறம் மாறியது. எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எந்த ஜீன் எந்தப் படி என்று வரிசைப்படுத்தினார்கள். இன்னொரு விவரமும் இதில் தெளிந்தது. ஃபிளேவஸ் பி வகை நச்சை மட்டும் செய்யும், அதன் பங்காளி ஆஸ்பெர்ஜில்லஸ் பாராசிட்டிகஸ் பி, ஜி இரண்டையும் செய்யும். ஜி வகைக்கு வேண்டிய ஒரு ஜீன் ஃபிளேவஸில் பாதி அறுந்து கிடப்பதுதான் காரணம்.

இந்தத் தெருவுக்கே ஒரு சாவி உண்டு, பெயர் ஏஎஃப்எல்ஆர். இது நச்சில் ஒரு துளியும் தானே செய்யாது. மற்ற ஜீன்களின் வாசலில் போய் உட்கார்ந்து அவற்றை எழுப்பிவிடுவது மட்டுமே இதன் வேலை. பக்கத்திலேயே ஏஎஃப்எல்எஸ் என்று ஒரு துணை. இவற்றுக்கும் மேலே ஒன்று இருப்பதை 2004-ல் ஜின் வூ போக், நான்சி கெல்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள். லே-ஏ என்று அதற்குப் பெயர். அதை நீக்கினால் இந்த நச்சு மட்டுமில்லை, பூஞ்சை செய்யும் வேறு பல பொருள்களும் நின்றுபோகின்றன. லே-ஏ தனியாக வேலை செய்வதில்லை, வெல்வெட் எனப்படும் புரதங்களோடு சேர்ந்து வேலை செய்கிறது, அந்தச் சேர்க்கையை வெளிச்சமும் இருட்டும்கூட மாற்றுகின்றன. ஆக, ஜீன் இருப்பது வேறு, அது விழித்திருப்பது வேறு. உங்கள் முப்பது மூட்டைக்கான பதில் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "செடியைத் தாக்கும் பூஞ்சையின் நச்சு" என்றாலே இரண்டு சாதி உண்டு. ஒன்று செடியைக் கொல்வதற்கென்றே பூஞ்சை செய்வது. அமெரிக்காவில் 1970-ல் மக்காச்சோளத்தில் வந்த இலைக்கருகல் அப்படிப்பட்டது. கலப்பின விதை உற்பத்திக்கு வசதி என்று, மகரந்தம் தராத டெக்சாஸ் ஆண்மலட்டு வகையை நாட்டின் பெரும்பகுதி வயலில் ஒரேயடியாகப் போட்டிருந்தார்கள். அந்தச் செடியின் மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குச் சக்தி தரும் பகுதி) மட்டும் இருந்த ஒரு புரதத்தைப் பிடித்துக் கொல்லும் டி-டாக்சினைச் செய்யும் பூஞ்சை பரவியது. நாட்டு விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதம் போயிற்று. இங்கே நச்சு ஜீனை நீக்கினால் பூஞ்சையின் பல் பிடுங்கிய மாதிரிதான். மக்காச்சோளத்தையே தாக்கும் இன்னொரு பூஞ்சையின் எச்.சி.-டாக்சினை உடைக்கும் எச்எம்1 என்ற ஜீன் அந்தச் செடியிலேயே இருப்பதை 1992-ல் பிரித்தெடுத்தார்கள். செடிகளில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட நோய் எதிர்ப்பு ஜீன் அதுதான். கோதுமையில் இன்னும் விசித்திரம். டாக்ஸ்-ஏ என்ற நச்சு ஜீன் ஒரு பூஞ்சை இனத்திலிருந்து வேறொரு இனத்துக்கு அப்படியே தாவி, சாதுவாக இருந்ததை நோய்க்காரனாக்கிவிட்டது என்று 2006-ல் தெரியவந்தது.

அஃப்ளடாக்சின் இந்தச் சாதியில் சேராது. அது இல்லாத பூஞ்சையும் உங்கள் பருப்புக்குள் அதே சுலபமாக நுழையும். செடிக்கு அதனால் பெரிய சேதம் இல்லை, சேதமெல்லாம் தின்கிறவருக்குத்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்கைத் தின்றதால் என்று தேடிப் பிடித்துத்தான் இந்த நச்சே வெளிச்சத்துக்கு வந்தது. நம் நாட்டில் 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பக்கத்து கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று 106 பேர் மஞ்சள் காமாலை கண்டு இறந்தார்கள். வியாபாரி பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அப்படியென்றால் பூஞ்சை எதற்காக முப்பது ஜீனைச் சுமந்துகொண்டு இதைச் செய்கிறது? இங்கே உறுதியான பகுதி முடிந்து, விவாதம் தொடங்குகிறது. தன்னைத் தின்ன வரும் புழுக்களை விரட்ட என்கிறார்கள் ஒரு சாரார். ஈப் புழுக்கள் இருக்கும் இடத்தில் நச்சு செய்யும் பூஞ்சை நன்றாகப் பிழைப்பதைச் சோதனையில் காட்டியிருக்கிறார்கள். வெப்பம், வறட்சியால் செல்லுக்குள் சேரும் ஆக்சிஜன் கழிவைச் சமாளிக்க என்பது இன்னொரு கட்சி. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எனக்கு முதலாவதில்தான் சாய்வு, ஆனால் அதை நிரூபிக்கும் வேலை என்னுடையது இல்லை.

சாவியைத் திருப்புவது எது என்பதில் விவாதம் குறைவு. பூஞ்சை 37 டிகிரியில் செழிப்பாக வளரும், ஆனால் அந்தச் சூட்டில் நச்சு ஜீன்கள் அநேகமாகத் தூங்கிவிடும். 28, 30 டிகிரியில்தான் முழுவீச்சில் விழிக்கும். மண்ணுக்குள் காய் இருக்கும் ஆழத்தில், அறுவடைக்கு முந்தைய நாலைந்து வாரம் 25 முதல் 32 டிகிரி வரை சூடும், கூடவே ஈரப் பற்றாக்குறையும் இருந்தால், செடியில் இருக்கும்போதே நச்சு ஏறிவிடும். இந்த வறட்சியில் பருப்பின் பங்கும் உண்டு. பச்சைப் பருப்பில் பூஞ்சை நுழைந்தால் அது எதிர்ப்பொருள்களைச் சுரந்து தடுக்கும். ஈரம் குறையக் குறைய அந்தச் சுரப்பு நின்றுவிடும், பூஞ்சை மட்டும் அந்தக் குறைந்த ஈரத்திலும் வளரும். அந்த இடைவெளியில் அது உள்ளே குடியேறிவிடுகிறது.

மார்கழியில் விதைத்த செடி பங்குனி வெயிலில் முற்றுகிறது. மோட்டார் முறை தவறி, "இனிமேல் என்ன, பிடுங்கத்தானே போகிறோம்" என்று கடைசித் தண்ணீரை விடாமல் இருந்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். செம்மண் நிலத்தில் அந்த ஒரு தண்ணீர்தான் வித்தியாசம் காட்டும். ஆடியில் விதைத்தவர்களுக்கு ஐப்பசி மழை வேறு விதமான தலைவலி. பிடுங்கிய செடி காய்வதற்குள் நனைந்துவிடும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் நான் உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: மெஷினில் உடைக்கும் முன் காய்க்குத் தண்ணீர் தெளித்தீர்களா?

நம் பக்கம் இது சாதாரண வழக்கம். பருப்பு பிளக்காமல் முழுசாக வரும், கொஞ்சம் எடையும் கூடும் என்று, முந்தின நாள் சாயந்திரம் காயை நனைத்துச் சாக்கு போட்டு மூடிவைப்பார்கள். நன்றாகக் காய்ந்த பருப்பில் ஈரம் 7, 8 சதவீதம்தான் இருக்கும். அந்த ஈரத்தில் பூஞ்சை எழுந்திருக்கவே முடியாது. ஒரு குடம் தண்ணீர் அதைத் தட்டி எழுப்பிவிடும். உடைத்த பிறகு மறுபடி காயவைக்காமல் மூட்டை கட்டிவிட்டால், சாக்கின் நடுவில் இருக்கும் சூடும் ஈரமும் நான் தட்டுக்கு வைத்த 28 டிகிரியைவிட மோசம் இல்லை. பத்துப் பதினைந்து நாளில் போதுமான நச்சு சேர்ந்துவிடும். நான் பார்த்த தள்ளுபடிச் சரக்குகளில் வயலைவிட இந்தக் குடத்துத் தண்ணீர்தான் அதிகம் காரணமாக இருந்தது என்பது என் அனுபவம். கணக்கெடுத்து நிறுவியது அல்ல.

இப்போது உங்கள் கேள்வி: ஜீனை எடுத்துவிடலாமே? எடுக்க வேண்டியதே இல்லை, இயற்கையில் எடுத்தே கிடக்கிறது. என் இரண்டாவது தட்டில் ஒளிராமல் இருந்ததே, அதுபோன்றவைதான். அமெரிக்காவில் ஏஎஃப்36 என்று ஒரு பூஞ்சையைப் பருத்தி வயலில் தூவுகிறார்கள். அதில் தெரு முழுக்க இருக்கிறது, ஆனால் அந்தப் பெரிய பாலிகீட்டைடு நொதியின் ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறி, பாதியிலேயே நின்றுவிடுகிறது. மல்லாட்டைக்கென்று விற்கும் இன்னொன்றில் தெருவே கிடையாது, முழுதாகக் காணாமல் போயிருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் உள்ளூர் மண்ணிலிருந்து இப்படிப்பட்டவற்றைத் தேர்ந்து பயன்படுத்துகிறார்கள். தூவிய சாதுப் பூஞ்சை இடத்தை முதலில் பிடித்துக்கொள்ளும், நச்சுக்காரனுக்கு இடம் குறையும். ஜப்பானியர்கள் சோயா சாஸ் புளிக்க வைக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயும் ஃபிளேவஸின் வீட்டு வளர்ப்புப் பிள்ளைதான். ஜீன் வரிசையில் அண்ணன் தம்பி, ஆனால் அதன் நச்சுத் தெரு பாழடைந்து கிடக்கிறது.

இது வேலை செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் தயக்கம் வேறு இடத்தில். இந்தப் பூஞ்சை ஆண் பெண் சேர்க்கை இல்லாமல் விதைத்தூளால் (ஸ்போர்) மட்டும் பெருகும் என்றுதான் நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 2009-ல் அதற்கும் சேர்க்கை உண்டு என்று காட்டிவிட்டார்கள். அப்படியானால் தூவிய சாது, மண்ணிலிருக்கும் நச்சுக்காரனோடு சேர்ந்து, அறுந்த ஜீனைத் திரும்பப் பெற வழி உண்டு. முழுத்தெருவும் இல்லாதவைகூடச் சேர்க்கையில் வாங்கிக்கொள்ளலாம். வயலில் அது எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து ஒன்றாக இல்லை.

இன்னொரு வழி, பூஞ்சையை விட்டுவிட்டுச் செடியை மாற்றுவது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 2018-ல் மல்லாட்டைச் செடியிலேயே ஒரு ஏற்பாடு செய்து வெளியிட்டது. செடி சுரக்கும் சின்ன ஆர்என்ஏ துணுக்குகள் பூஞ்சைக்குள் போய் அந்தத் தெருவின் இரண்டு ஜீன்களின் வாயை அடைத்துவிடும். சோதனையில் நச்சு மிகக் குறைந்தது. ஆனால் அது மரபணு மாற்றப் பயிர். உங்கள் வயலுக்கு வரும் தேதியை யாரும் சொல்ல முடியாது. விருத்தாசலம் வட்டார ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. ரகங்களை நீங்கள் ஏற்கெனவே போட்டிருப்பீர்கள். நல்ல ரகங்கள்தான். ஆனால் அஃப்ளடாக்சினை முழுக்கத் தாங்கும் மல்லாட்டை ரகம் என்று உலகத்திலேயே ஒன்றும் இல்லை, அப்படிச் சொல்லி விதை விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

வியாபாரியின் சோதனை சரியா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கும். கருவி சரியாக இருக்கலாம், மாதிரி தவறாக இருக்கலாம். இந்த நச்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான நல்ல பருப்புக்கு நடுவில் ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருக்கும், ஆனால் அந்த ஒன்றில் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நச்சு இருந்ததாக அளந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிராம் பருப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 500 மைக்ரோகிராம். பதப்படுத்த வாங்கும் பருப்புக்கு நம் நாட்டுச் சட்டம் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரைதான் அனுமதிக்கிறது. அப்படியானால் அந்த ஒற்றைப் பருப்பு 33 கிலோவைக் கெடுக்கப் போதும். ஐரோப்பாவுக்குப் போகிற, நேராகத் தின்னும் பருப்புக்கு வரம்பு 4 மட்டுமே. ஒரு மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்தால், அந்தப் பருப்பு கையில் வந்தால் தோல்வி, வராவிட்டால் வெற்றி. இரண்டு கூடங்கள் ஒரே சரக்குக்கு வேறு வேறு எண் சொல்வது இதனால்தான், யாரும் ஏமாற்றுவதால் என்று அவசரப்பட்டுச் சொல்லமாட்டேன். மறுசோதனை கேளுங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, குறைந்தது ஐந்து கிலோவாவது சேர்த்து, முழுவதையும் அரைத்துக் கலந்த பிறகு அதிலிருந்து மாதிரி கொடுங்கள்.

அதற்கு முன் பருப்பைத் தார்ப்பாயில் கொட்டி இரண்டு நாள் காயவிடுங்கள். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். அப்புறம் உட்கார்ந்து பொறுக்குங்கள்: சுருங்கியது, தோல் கறுத்தது, பூச்சி துளைத்தது, பிளந்தது எல்லாம் தனியே. நச்சில் பெரும்பங்கு அந்தக் கழிவில்தான் இருக்கும். பொறுக்கிய பிறகு அளந்தால் அளவு பல சமயம் நன்றாகவே இறங்கியிருக்கும். வறுத்தால் கொஞ்சம் குறையும், போகாது. செக்கில் ஆட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆட்டினால் கொஞ்சம் எண்ணெயோடு போய், மிச்சமெல்லாம் புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் எம்1 என்ற பெயரில் அதே நச்சு வேறு உருவத்தில் இறங்கும். பாலுக்கு வரம்பு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம்தான். ஆகவே பொறுக்கி ஒதுக்கிய சொத்தையை மாட்டுத் தொட்டியிலும் போட வேண்டாம், கோழிக்கும் இறைக்க வேண்டாம், வயலோரம் கொட்டி அடுத்த பட்டத்துக்கு விதைத்தூளும் சேர்க்க வேண்டாம். ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். அடுத்த முறை மெஷினுக்குப் போகும்போது அந்தக் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பிளந்த பருப்புக்குக் கொஞ்சம் விலை குறைத்துத்தான் கொடுப்பார்கள், அந்த நஷ்டம் உண்டு.